பொலிஸ் ரியாலிட்டி நிகழ்ச்சிகளில் காட்டுவது எவ்வளவு உண்மை?

களுவாஞ்சிக்குடிப் பக்கத்துத் தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மகன் ஏ/எல் எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கிறான். பகலில் ஃபோனில் அமெரிக்கப் பொலிஸ் கார் துரத்தும் வீடியோ, இரவில் இந்திய சனல்களின் குற்ற நிகழ்ச்சி, இடையில் உள்ளூர் பேஸ்புக் பக்கங்கள் போடும் சுற்றிவளைப்புக் காட்சி. இப்போது பொலிஸில் சேரப்போகிறேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "இதுகளில் காட்டுவது எவ்வளவு உண்மை ஐயா? பொலிஸ் வேலை இப்படித்தானா?" என்று கேட்கிறார்.

காட்டுவதில் பொய் குறைவு, தங்கச்சி. ஓடுகிறவன் உண்மையாகவே ஓடுகிறான். துரத்துகிறவரும் சம்பளம் வாங்கும் உண்மையான பொலிஸ்தான். ஆனால் கைவிலங்கு விழுந்ததும் கமரா வேறு பக்கம் திரும்பிவிடும். நான் முப்பது வருடத்துக்குக் கிட்டப் பார்த்ததெல்லாம் அந்தக் கைவிலங்குக்குப் பிறகு நடந்தவை. அதனால் என் பதிலும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும்.

நான் பொலிஸில் இருந்தவன் இல்லை. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட நீதிமன்றங்களில் முதலியாராக இருந்து ஓய்வு பெற்றவன். முதலியார் என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு விளங்காது. நீதவானுக்குக் கீழே மேசையில் இருந்து, சாட்சிக்குச் சத்தியம் செய்வித்து, அவர் சொல்வதை மற்ற மொழிக்கு மாற்றிச் சொல்கிறவர். சிங்களத்தில் சாட்சி சொன்ன எத்தனையோ பொலிஸாரின் வசனங்கள் என் வாய் வழியாகத்தான் தமிழுக்கு வந்தன. இந்த நிகழ்ச்சிகள் ஓடும்போது நான் பக்கத்தில் இருந்தால் என் மனைவி டீவியை நிறுத்திவிட்டு எழும்பிப் போய்விடுவார். குறுக்கே குறுக்கே கதைக்கிறேனாம்.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம், ஏனென்றால் மகன் பார்க்கும் துரத்தல் வீடியோக்களின் பாட்டன் அங்கேதான் இருக்கிறது. 'கொப்ஸ்' என்ற நிகழ்ச்சி 1989 மார்ச்சில் பொக்ஸ் தொலைக்காட்சியில் தொடங்கியது. அதற்கு முந்தைய வருடம் ஹொலிவூட் எழுத்தாளர்கள் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். எழுத்தாளர் வேண்டாம், நடிகர் வேண்டாம், செட் வேண்டாம் என்று ஒரு நிகழ்ச்சி வந்தபோது சனலுக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த கதை. ஒரு கமராக்காரர், ஒரு ஒலிப்பதிவாளர், பொலிஸ் காரில் ஒரு பின் சீட், அவ்வளவுதான் மூலதனம். அரை மணி நேரத்துக்கு மூன்று சம்பவம். விளம்பரம் போக ஒவ்வொன்றுக்கும் ஏழு எட்டு நிமிடம் கிடைக்கும். அந்த ஏழு நிமிடத்துக்குள் ஒருவர் சந்தேகப்படுகிறார், ஒருவர் ஓடுகிறார், ஒருவர் பிடிபடுகிறார். அவன் செய்தானா இல்லையா என்ற கேள்விக்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை.

அந்தப் பின் சீட்டைக் கொடுப்பது யார் என்று யோசித்துப் பாருங்கள். பொலிஸ் திணைக்களம் விரும்பினால்தான் கமரா ஏறலாம். பதிவானதை ஒளிபரப்புக்கு முன் திணைக்களம் பார்த்து, வேண்டாததை நீக்கச் சொல்லும் ஏற்பாடும் 'கொப்ஸ்'இல் இருந்தது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் ஆட்கள் சொல்வார்களே, அது அங்கே ஒப்பந்தமாகவே எழுதப்பட்டிருந்தது. அதனால் வீட்டு இலக்கம் மாறிப் புகுந்த சம்பவம், வெறுங்கையோடு திரும்பிய சோதனை, பொலிஸ்காரர் நிதானம் இழந்த நிமிடம் எல்லாம் பார்வையாளரின் கண்ணுக்கு வருவது கஷ்டம்.

இப்படி வெட்டி ஒட்டிப் பார்க்கும்போது மொத்தக் கணக்கே மாறிவிடுகிறது. மேரி பெத் ஒலிவர் என்ற ஆய்வாளர் 1994இல் இந்த வகை நிகழ்ச்சிகளை எடுத்து எஃப்.பி.ஐ. புள்ளிவிவரங்களோடு ஒப்பிட்டார். நிஜத்தில் நடப்பதைவிடக் கொலை, கொள்ளை போன்ற வன்முறைக் குற்றங்கள் திரையில் பல மடங்கு அதிகம் என்பது ஒரு முடிவு. கைதில் முடியும் குற்றங்களின் பங்கும் நிஜத்தைவிடத் திரையில் மிக அதிகம் என்பது இன்னொன்று. அமெரிக்காவில் அண்மைய வருடங்களில் கொலை வழக்குகளிலேயே ஏறத்தாழப் பாதிதான் கைது வரைக்கும் போகிறது. களவு என்றால் அதைவிட எவ்வளவோ குறைவு. உங்கள் வீட்டுச் சைக்கிள் காணாமல் போய் எத்தனை வருடம் என்று யோசித்தாலே இது விளங்கும்.

சரி, மிகைப்படுத்தல்தானே, யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். கமரா உடன் இருக்கும்போது பொலிஸ் நடந்துகொள்ளும் விதமே மாறும் என்ற கேள்வியை அமெரிக்கர்கள் இரத்தம் சிந்திய பிறகுதான் கேட்கத் தொடங்கினார்கள். 2010 மே 16, டெட்ராயிட் நகரம். கொலைச் சந்தேக நபர் ஒருவரைத் தேடி நள்ளிரவுக்குப் பின் விசேட பொலிஸ் அணி ஒரு வீட்டை உடைத்துக்கொண்டு போனது. 'த பெர்ஸ்ட் 48' என்ற நிகழ்ச்சியின் படப்பிடிப்புக் குழுவும் கூடவே. கண்ணைக் கூசவைக்கும் வெடிகுண்டு ஒன்றை உள்ளே எறிந்தார்கள். அடுத்த கணம் பாய்ந்த தோட்டா, சோபாவில் தூங்கிக்கொண்டிருந்த 7 வயதுச் சிறுமியைக் கொன்றது. தேடப்பட்டவர் மேல்மாடி வீட்டில் இருந்தார். காலை வரை வெளியே காத்திருந்தால் கதவைத் தட்டியே பிடித்திருக்கலாமே, கமராவுக்காகவா இந்த ஆரவாரம் என்று அந்த ஊர் சனம் கேட்டது. சுட்ட அதிகாரியின் வழக்கு இரண்டு தடவை முடிவில்லாமல் போய், கடைசியில் கைவிடப்பட்டது.

அடுத்தது, பொலிஸோடு கமராவை அனுப்பி நேரலையாகக் காட்டிய 'லைவ் பி.டி.' நிகழ்ச்சி. 2019 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலத்தில், எதிரே வந்த வாகனத்துக்கு ஹெட்லைட்டைக் குறைக்கவில்லை என்பதற்காக ஒரு மனிதரைத் துரத்தினார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் துரத்தல். பிடித்து, மின்சாரத் துப்பாக்கியால் பலமுறை அடித்தார்கள். எனக்கு இருதய வருத்தம், மூச்சு எடுக்க ஏலாது என்று அவர் சொல்லச் சொல்லவே உயிர் போனது. நிகழ்ச்சியின் கமரா அங்கே நின்றது. அந்தக் காட்சி ஒரு நாளும் ஒளிபரப்பாகவில்லை, பிறகு அழிக்கப்பட்டுவிட்டது. ஹெட்லைட்டுக்காக ஒரு உயிர்! ஜோர்ஜ் ஃபுளொயிட் என்பவர் பொலிஸ் கையில் கொல்லப்பட்ட பிறகு, 2020 ஜூனில், 'லைவ் பி.டி.', 'கொப்ஸ்' இரண்டும் நிறுத்தப்பட்டன. நிறுத்தினார்கள் என்று சந்தோஷப்படவும் முடியாது. அடுத்த வருடமே 'கொப்ஸ்' ஒரு சந்தாச் சேவையில் திரும்பி வந்தது, மற்றதும் 2022இல் பெயரை மாற்றிக்கொண்டு வந்தது.

பிரேசிலில் இதற்கும் மேலே ஒரு கதை உண்டு. மனாவுஸ் நகரில் வாலஸ் சூசா என்ற அரசியல்வாதி குற்றச் செய்தி நிகழ்ச்சி ஒன்றை நடத்தினார். பிணம் கிடக்கும் இடத்துக்குப் பொலிஸுக்கும் முன்னரே அவருடைய கமரா போய்விடும். எப்படி என்று கிண்டிப் பார்த்த பொலிஸ், நிகழ்ச்சியின் மவுசுக்காகவும் போதைப்பொருள் போட்டிக்காகவும் கொலைகளை அவரே செய்வித்தார் என்று குற்றம் சாட்டியது. 2009இல் மாநில சட்டசபையிலிருந்து நீக்கினார்கள். அவர் எல்லாவற்றையும் மறுத்தார். வழக்கு முடியுமுன் 2010இல் இறந்தும் போனார்.

இனி எங்கள் பக்கம் வருவோம். எனக்கு நன்றாகத் தெரிந்தது இதுதான், கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

உள்ளூர் பேஸ்புக் பக்கத்தில் வரும் வீடியோ எப்படி இருக்கும்? இருட்டு, டோர்ச் வெளிச்சம், குனிந்த தலையோடு ஒரு பொடியன், மேசையில் சின்னச் சின்னப் பக்கெட்டுகள், பக்கத்தில் ஒரு ஃபோன், கொஞ்சம் காசு. "ஐஸ் போதைப்பொருளுடன் இளைஞன் கைது" என்று தலைப்பு. கீழே நூறு பேர் தூக்கில் போடச் சொல்லி எழுதியிருப்பார்கள்.

அந்தப் பக்கெட்டு மேசையிலிருந்து நீதிமன்றத்துக்கு எப்படிப் போகிறது தெரியுமா? முதலில் அதை நிறுக்க வேண்டும். பொலிஸ் நிலையத்தில் அந்த அளவுக்கு நுட்பமான தராசு இருப்பதில்லை. அதனால் பல வழக்குகளில் சாமானை எடுத்துக்கொண்டு நகை அடகுக் கடைக்குப் போவார்கள். ஓம், தங்கச்சி, தாலிக்கொடி நிறுக்கும் அதே தராசுதான். நிறுத்து, உறையில் போட்டு, மெழுகு உருக்கி முத்திரை வைத்து, சந்தேக நபரின் பெருவிரல் அடையாளமும் எடுத்து, புத்தகத்தில் இலக்கம் போட்டுப் பதிந்து, பொறுப்பான அதிகாரியிடம் கையளிக்க வேண்டும். அப்புறம் அது பத்தரமுல்லையில் இருக்கும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களத்துக்குப் போக வேண்டும். மட்டக்களப்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். அங்கே முத்திரை உடையாமல் வந்ததா என்று பார்த்துத்தான் ஏற்பார்கள். அறிக்கை வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தப் பொடியன் விளக்கமறியலில் இருக்கலாம்.

இவ்வளவு சிரமம் ஏன்? சட்டம் கிராம் கணக்கில் நிற்கிறது. ஹெரோயின் 2 கிராம் தாண்டினால் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ வரும் குற்றம். 2022இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி ஐஸ் என்றால் 5 கிராம். டீவியில் சொல்லும் நிறை பெரும்பாலும் உறையோடு சேர்த்து நிறுத்தது, கலப்படமும் சேர்ந்தது. நீதிமன்றம் பார்ப்பது பகுப்பாய்வாளர் தரும் தூய நிறையை. பத்துக் கிராம் என்று செய்தியில் வந்தது வழக்கில் ஒன்றரைக் கிராமாக நிற்கலாம். ஒரு மனிதன் மரண தண்டனை வாங்குவதும் சில வருடச் சிறையோடு வீட்டுக்கு வருவதும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

மேல் நீதிமன்றத்தில் அந்தச் சுற்றிவளைப்பு திரும்ப நடக்கும், ஆனால் மிக மெதுவாக. எத்தனை மணிக்கு நிலையத்திலிருந்து வெளிக்கிட்டீர்கள்? புத்தகத்தில் பதிந்தீர்களா? ஜீப்பை எங்கே நிறுத்தினீர்கள்? அங்கே தெரு விளக்கு எரிந்ததா? கையில் இருந்ததா, காற்சட்டைப் பையில் இருந்ததா, வலது பையா இடது பையா? அடகுக் கடை இரவு ஒன்பது மணிக்குத் திறந்திருந்ததா? யார் திறந்தார்? முத்திரையில் யாருடைய அடையாளம்? நாலு நிமிட வீடியோவில் முடிந்த விடயத்தை நான் மூன்று நாள் நின்று மொழிபெயர்த்திருக்கிறேன். சாட்சிக் கூண்டில் நின்ற சார்ஜன்ட் ஒருவர், இடைவேளையில் வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டே, "ஐயே, புலியைப் பிடிச்சிரலாம், இந்தச் சட்டத்தரணிக்கிட்ட ஏலாது" என்று உடைந்த தமிழில் சொன்னார். பத்து வருடத்துக்கு முன் நடந்த ஒன்றை நிமிடக் கணக்கில் சொல்ல வேண்டுமென்றால் யாருக்குத்தான் வியர்க்காது? தன் குறிப்புப் புத்தகத்தை ஒழுங்காக எழுதிவைத்தவர் மட்டும் தப்புவார். துரத்திப் பிடித்த வீரரை நான் நீதிமன்றத்தில் அதிகம் கண்டதில்லை. எழுதத் தெரிந்தவர்தான் அங்கே வென்றார்.

இப்படி அலசிய பிறகு குற்றவாளி என்று தீர்ப்பு வருவதும் உண்டு, விடுதலை வருவதும் உண்டு. படுவான்கரையில் ஒரு கிராமத்துப் பொடியன், ஓட்டோ ஓட்டுகிறவன். இரவில் பிடித்தார்கள், காலையில் முகம் தெரிய வீடியோ ஊரெல்லாம் போய்விட்டது. சில மாதம் கழித்து அறிக்கை வந்தது: அந்தத் தூளில் போதைப்பொருள் எதுவும் இல்லை. வழக்கு முடிந்தது, விட்டுவிட்டார்கள். அதற்கிடையில் அக்காவுக்குப் பேசிவந்த கலியாணம் குழம்பிவிட்டது. ஓட்டோ ஸ்டாண்டில் அவனுடைய இடமும் போய்விட்டது. வீடியோ போட்ட பக்கத்துக்கு அவனுடைய தாய் ஆள் பிடித்து விடயத்தைச் சொல்லி அனுப்பினார். எடுக்கவும் இல்லை, விடுதலையைப் போடவும் இல்லை. விடுதலையை யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்களாம். அதுவும் உண்மைதான், யாரும் பார்க்க மாட்டார்கள். அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரையில், குற்றம் நிரூபிக்கப்படும் வரை ஒருவர் சுற்றவாளி என்று இருக்கிறது. அந்தத் தாய்க்கு அதை எந்த மொழியில் மாற்றிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

முகம் காட்டுவதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நிகழ்ச்சிக்காரர் யாரும் இதைச் சொல்வதில்லை. கொள்ளை, கடத்தல் போன்ற வழக்குகளில் சந்தேக நபரை அடையாள அணிவகுப்பில் நிறுத்துவார்கள். அவரைப் போன்ற தோற்றமுள்ள பலரோடு வரிசையில் விட்டு, நீதவான் முன்னிலையில் சாட்சி வந்து தொட்டுக் காட்ட வேண்டும். அந்த முகத்தைச் சாட்சி முதல் நாளே ஃபோனில் பார்த்திருந்தால் என்ன நடக்கும்? "நீங்கள் அடையாளம் காட்டியது கொள்ளைக்காரனையா, பேஸ்புக்கில் பார்த்த படத்தையா?" என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரு கேள்வி கேட்பார், அணிவகுப்பு அதோடு சரி. முகத்தை மூடிக் கூட்டிவருவது மரியாதைக்காக மட்டும் இல்லை, வழக்கைக் காப்பாற்றவும்தான். ஒரு வீடியோவால் நிஜக் குற்றவாளி தப்பிப் போனதும் உண்டு.

அடுத்தது ஒப்புதல். டீவியில் விசாரணை என்றால் ஒரு அறை, ஒரு மேசை, கடைசியில் ஆள் உடைந்து அழுது "நான்தான் செய்தேன்" என்பார். இசை ஏறும். எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டம் 1895ஆம் ஆண்டுச் சரக்கு. அதன் 25ஆம் பிரிவின்படி பொலிஸ் அதிகாரிக்குச் சொன்ன குற்ற ஒப்புதலைச் சந்தேக நபருக்கு எதிராக நிரூபிக்கவே முடியாது. "கத்தியை இந்தக் கிணற்றடியில் புதைத்தேன்" என்று சொல்லி, அங்கே தோண்டிக் கத்தி கிடைத்தால், அதைக் கண்டுபிடிக்க உதவிய அந்தத் துண்டை மட்டும் 27ஆம் பிரிவு ஏற்கும். வெள்ளைக்காரன் எழுதிய சட்டம்தான், ஆனால் பொலிஸ் அறைக்குள் என்ன நடக்கும் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. இந்தக் காவலைத் தூக்கி எறிந்தது 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம். உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் சொன்ன ஒப்புதல் அதன் கீழ் சாட்சியம். ஒரு கையெழுத்தால் எத்தனை வருடம் போனது என்று எங்கள் மாவட்டங்களில் வீட்டுக்கு வீடு சொல்வார்கள். அதைத் தொடங்கினால் இந்தப் பதில் முடியாது.

ஒப்புதலும் கமராவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015 செப்டெம்பரில் கொட்டதெனியாவவில் நடந்ததைப் பாருங்கள். ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி கொல்லப்பட்டாள். நாடே கொதித்தது. முதலில் 17 வயது மாணவன் ஒருவனைப் பிடித்தார்கள், ஊடகங்களில் அவன்தான் குற்றவாளி. மரபணு பொருந்தவில்லை. பிறகு 'கொண்டயா' என்ற ஆளைப் பிடித்தார்கள். அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டார் என்றே செய்தி வந்தது. அந்த மரபணுவும் பொருந்தவில்லை. கடைசியில் பொருந்தியது அவருடைய சகோதரருக்கு. 2016 மார்ச்சில் அந்தச் சகோதரருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. கமராக்கள் இரண்டு தடவை கதையை முடித்துவிட்டன, இரண்டு தடவையும் பிழை. அந்த மாணவனின் முகத்தை இன்றைக்கும் இணையத்தில் தேடி எடுக்கலாம்.

2019 ஏப்ரலில் எங்கள் ஊரில் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த அந்தக் கிழமையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது பொலிஸ் வெளியிட்ட தேடப்படுவோர் படங்களில் ஒன்று, அமெரிக்காவில் இருந்த, சம்பந்தமே இல்லாத ஒரு இளம் பெண்ணுடையது. பொலிஸ் பிறகு பிழையை ஏற்றுக்கொண்டது. அதற்குள் அவருக்குக் கொலை மிரட்டல்கள் போய்விட்டன.

நம் நாட்டில் ரியாலிட்டி நிகழ்ச்சிக்கு மிகக் கிட்டப் போனது 'யுக்திய' நடவடிக்கைதான். 2023 டிசம்பர் 17இல் தொடங்கியது. போதைப்பொருளுக்கு எதிராக நாடு முழுக்கச் சுற்றிவளைப்பு, கூடவே தொலைக்காட்சிக் கமராக்கள். வீட்டுக்குள் பொலிஸ் போகிறது, பின்னால் கமரா போகிறது. அலுமாரி, அடுப்படி, அழுகிற பிள்ளை எல்லாம் செய்தியில். ஒரு மாதம் ஆகுமுன் 29,000 பேருக்கு மேல் கைதானதாகக் குறிப்பிட்ட ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம், அனுமதியில்லாத சோதனைகள், பொது இடத்தில் உடுப்பைக் களைந்த சோதனைகள் பற்றிய முறைப்பாடுகளைச் சுட்டிக்காட்டியது. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1999லேயே, வீட்டுக்குள் சோதனைக்குப் போகும் பொலிஸ் ஊடகத்தாரைக் கூட்டிப்போவது அரசியலமைப்புக்கு முரண் என்று சொல்லிவிட்டது. நாங்கள் 24 வருடம் கழித்து அதை நேரலையில் பார்த்தோம். அந்த நடவடிக்கையை முன்நின்று நடத்திய பதில் பொலிஸ் மா அதிபர் தேசபந்து தென்னகோன், ஒருவரைச் சித்திரவதை செய்து அடிப்படை உரிமையை மீறினார் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது டிசம்பர் 14இல், அதாவது நடவடிக்கை தொடங்குவதற்கு மூன்றே நாள் முன்னர். 2025 ஓகஸ்டில் பாராளுமன்றம் அவரைப் பதவியிலிருந்தே நீக்கியது.

மொழி விடயத்தைச் சொல்லாமல் விட்டால் நான் முதலியாராக இருந்ததற்கே அர்த்தமில்லை. அமெரிக்க நிகழ்ச்சியில் பொலிஸும் பிடிபடுகிறவரும் பெரும்பாலும் ஒரே மொழியில் சண்டை பிடிப்பார்கள். எங்கள் பக்கத்தில் முறைப்பாட்டுக்காரர் தமிழில் சொல்வார், எழுதுகிறவர் சிங்களத்தில் எழுதுவார், வாசித்துக் காட்டியதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்குவார்கள். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்புக்கு 1987இல் வந்த 13ஆம் திருத்தம் சொல்கிறது, சரிதான். ஆனால் இரவு பதினொரு மணிக்கு அந்த நிலையத்தில் தமிழ் எழுதத் தெரிந்தவர் கடமையில் இல்லையென்றால் திருத்தம் வந்து எழுதாது.

ஒரு வழக்கு ஞாபகம் வருகிறது. ஒரு பெண் கொடுத்த முறைப்பாட்டில், எதிரி தன்னை அன்றிரவு நான்கு தடவை தாக்கினார் என்று சிங்களத்தில் இருந்தது. வைத்திய அறிக்கையில் ஒரு கீறலும் இல்லை. பொய்ச் சாட்சி என்று எதிர்த்தரப்பு பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் கூண்டில் நின்று சொன்னது இதுதான்: "அவர் எனக்கு நாலு தரம் அடிச்சவர், நான் தூக்கல்ல." ஃபோன் அடித்ததைத்தான் சொன்னார். எழுதினவர் அடி என்றே எடுத்துவிட்டார். நீதவான் சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார், நான் மேசையைப் பார்த்தேன். சிரித்தோம் சரி, ஆனால் அந்த ஒரு சொல்லால் அந்தப் பெண் எட்டு மாதம் பொய்காரியாகத் திரிந்தார்.

இந்திய நிகழ்ச்சிகள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பல நடிகர்களை வைத்து எடுத்தவை, ரியாலிட்டி என்ற பெயர் மட்டும்தான். 'சொல்வதெல்லாம் உண்மை' போல நிஜ மனிதரைக் கூப்பிட்டுக் குடும்பச் சண்டையைக் கமரா முன் தீர்ப்பவை வேறு வகை. மதுரை உயர் நீதிமன்றக் கிளை 2018இல் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. எங்கள் ஊர்களில் அதே வேலையை மத்தியஸ்த சபை செய்கிறது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. சனி ஞாயிறில் ஏதாவது பள்ளிக்கூடத்து வாங்கில் இருந்து, வேலிச் சண்டையையும் கைமாற்றுக் காசையும் மூன்று பெரியவர்கள் கதைத்து முடிப்பார்கள். யாரும் மயங்கி விழ மாட்டார்கள், இசையும் வராது. டீவியில் போட்டால் ஐந்து நிமிடத்தில் சனலை மாற்றிவிடுவீர்கள்.

எல்லாவற்றையும் குப்பை என்று சொல்ல மாட்டேன். பொதுமக்களிடம் துப்புக் கேட்கும் நிகழ்ச்சிகள் வேறு ரகம். ஜெர்மனியில் 1967இல் தொடங்கிய ஒன்றைப் பார்த்து பிரித்தானியா 1984இல் 'கிரைம்வோட்ச்' என்று செய்தது. சிங்கப்பூரில் 1986இலிருந்து அதே பெயரில் பொலிஸே சேர்ந்து தயாரிக்கிறது, தமிழிலும் வருகிறது. எப்படி ஏமாற்றுகிறார்கள், வங்கி இலக்கம் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொல்வார்கள். அமெரிக்காவில் 'அமெரிக்காஸ் மோஸ்ட் வோண்டட்' 1988இல் வந்தபோது, முதல் நிகழ்ச்சியில் காட்டிய தப்பியோடி நான்கே நாளில் பிடிபட்டார். அந்த நிகழ்ச்சியால் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் அகப்பட்டார்கள். துப்புக் கேட்பவரும் பிடித்ததைக் காட்டுபவரும் கமராவைத்தான் பிடிக்கிறார்கள், ஆனால் முதலாமவருக்குப் பார்வையாளரின் உதவி வேண்டும், இரண்டாமவருக்குக் கைதட்டல் போதும்.

இனி மகன் விடயம். ஆசையை வெட்ட வேண்டாம். தமிழ் தெரிந்த பொலிஸார் எங்கள் மாவட்டங்களுக்கு எவ்வளவு தேவை என்று மேலே சொன்னேன். கல்லடியில் பொலிஸ் பயிற்சிப் பாடசாலையே இருக்கிறது. ஆனால் வேலையின் நிறத்தை அவன் அறிந்து போகட்டும். அழைப்பாணை கொண்டுபோய்க் கொடுப்பது, விபத்து நடந்த இடத்தில் நாடாப் பிடித்து அளப்பது, அடையாள அட்டை தொலைந்த முறைப்பாடு எழுதுவது, மாமாங்கத்தில் ஆடி அமாவாசைக்கு வெயிலில் நின்று வாகனம் திருப்புவது, கதிர்காமப் பாதயாத்திரைக் காலத்தில் பொத்துவில் பக்கம் காவல் நிற்பது, மாடு வயலுக்குள் இறங்கியதால் வந்த வெட்டுக்குத்தில் இரண்டு பக்கத்தையும் சமாதானப்படுத்துவது. துரத்தல் வருடத்துக்கு ஒன்றிரண்டு வரும், அதிலும் பாதி சகதிக்குள் முடியும்.

ஒரு காரியம் செய்யுங்கள். நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமானவை, யாரும் போய்ப் பின்வாங்கில் இருந்து பார்க்கலாம். களுவாஞ்சிக்குடி நீதவான் நீதிமன்றத்துக்கே அவனை அனுப்புங்கள். ஒன்பது மணிக்கு முன் போனால் இருக்க இடம் கிடைக்கும். நீளக் காற்சட்டை, கொலர் வைத்த சேர்ட். செருப்போடு போனால் வாசலில் நிற்கும் பொலிஸ்காரர் முறைப்பார். ஃபோனை ஓஃப் பண்ணிவிட்டுப் போகச் சொல்லுங்கள், அடித்தால் அன்றைக்கு அவனும் நீதவான் முன் நிற்க வேண்டி வரும். காலையில் அழைக்கும் வழக்குகளில் பல "அறிக்கை வரவில்லை, அடுத்த தவணை" என்றே போகும். கொட்டாவி வரும். மதியம் வரை இருந்துவிட்டு, அப்போதும் பொலிஸில் சேர வேண்டும் என்று சொன்னால், விண்ணப்பத்தை நிரப்ப என்னிடம் கூட்டி வாருங்கள். சிங்களமும் நான் சொல்லிக்கொடுக்கிறேன்.